கிராஃப்னேயின் வெள்ளை வளையம்

என் வீட்டுக்காரர் கப்பலில் ஃபிட்டர். அவர் போன கப்பலின் சமையல்காரர் குரோஷியா நாட்டுக்காரர். சாம்பல் புதனுக்கு முந்தின நாள் அந்த ஆள் கிராஃப்னே போடுவாராம். எண்ணெயில் பொரித்து ஜாம் அடைத்த உருண்டை பன். சரியாக வந்ததற்கு ஒரே அடையாளம், ஒட்டியாணம் கட்டினதுபோல நடுவில் சுற்றி ஓடும் வெள்ளை வளையம்.

மூன்று வருஷமாக ராயபுரத்தில் என் அடுப்பில் அந்த வளையம் வரவேயில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது. ஆனா போண்டா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தத் தெருவில் என் கைப்பக்குவத்தைக் குறை சொன்ன வேறு ஆள் கிடையாது.

இந்த வருஷம், "வளையம் வரலைன்னா இனிமே அந்த மாவத் தொடமாட்டேன்" என்று நாத்தனாரிடம் வாயை விட்டுவிட்டேன். அவள் செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்து சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மைதா, பால், முட்டை மஞ்சள், ஈஸ்ட், கிறிஸ்துமஸ் கேக்குக்கு வாங்கினதில் மிஞ்சிய ரம் ஒரு ஸ்பூன். மாவு நன்றாகவே உப்பியிருந்தது. முதல் உருண்டையைப் போட்டேன். என் கை தானாகக் கரண்டியை எடுத்து, அதன் தலையில் சுடுஎண்ணெயை அள்ளி ஊற்றியது.

"இன்னா அண்ணி, பூரியா சுட்டுக்கினு கீற?" என்றாள் நாத்தனார்.

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. மேலெல்லாம் எண்ணெய் பட்டுச் சிவந்துவிட்டால் வெள்ளை எங்கிருந்து வரும்? மூடி போட்டு வேகவிட்டால் ஆவியில் உப்பி மிதக்கும், இடுப்பில் எண்ணெய் படாது என்று அவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டதுதான். கொதிக்கிற எண்ணெயை எவளாவது மூடுவாளா என்று நான் காதில் வாங்கியதேயில்லை.

கரண்டியை நாத்தனாரிடம் கொடுத்தேன். "நானே கேட்டாலும் குடுக்காத."

தீயைக் குறைத்து, நான்கு உருண்டைகளைப் போட்டு மூடினேன். கை பரபரத்தது, முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். திறந்து, முறுக்குக் கம்பியால் ஒரே ஒரு தடவை திருப்பினேன். நாலுக்கும் நடுவில் வெள்ளை வளையம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஊசி இல்லாத சிரிஞ்சால் பைனாப்பிள் ஜாமை ஏற்றி, சர்க்கரைப் பொடி தூவி அவர் முன்னால் வைத்தேன். மனுஷன் திருப்பிப் பார்த்தார். நாலையும் தின்றார்.

"இன்னொண்ணு குடுமே."

"போண்டா வேணும்னா டோல்கேட் டீக்கடைல கிடைக்கும்."

மீசையில் சர்க்கரையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரிமே, நான் சொன்னது தப்பு."

மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அது போதும். அடுத்த ஈட்டைப் போட எழுந்து போனேன். நாத்தனார் கரண்டியை இன்னும் கையை விட்டு இறக்கவில்லை.