முப்பத்தாறு மார்க்

சங்கரன்கோவிலில் ஒரு சிறுமியின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. நிறுத்தியது நான்தான். அவளை நான் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஊரார் கூடியிருந்த இடத்தில் அவளைப் பாராட்டிக் கைதட்டச் சொன்னேன், அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசி அது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கணக்கும் அறிவியலும் நடத்தும் விதத்தைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, வாய் மட்டும் அறுபது வயதுக்கு இருந்தது. சனிக்கிழமைதோறும் பாளையங்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவேன். புளியங்குடி, திருவேங்கடம் பக்கத்திலிருந்தெல்லாம் ஆசிரியர்கள் வந்து, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பார்கள்.

பிள்ளை தன் வீட்டில் எதைப் பார்க்கிறதோ அதிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள் என்பேன். புத்தகத்துக் கணக்கில் ஆப்பிள் வரும். ஆப்பிளைக் கண்ணால் காணாத பிள்ளைக்கு அதை எப்படிப் பங்குபோடத் தெரியும்? புளியங்குடி டீச்சர் எலுமிச்சம்பழக் கூடையை வைத்துப் பின்னம் நடத்தினார். திருவேங்கடத்து சார் ஓட்டை போட்ட இரண்டு டப்பாக்களில் கரிசல் மண்ணையும் செம்மண்ணையும் நிரப்பி, தண்ணீர் எதில் சீக்கிரம் வடியும் என்று கேட்டார். ஊற்றுவதற்கு முன்னாலேயே பிள்ளைகள் பதில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை.

யாரையும் கடைசி வரிசையில் தள்ளிவைக்கக் கூடாது என்றும் சொல்வேன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது என்று அங்கே சிலர் சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பயிற்சி நடந்த பள்ளியின் ஐந்தாம் வகுப்பு ஆசிரியரும் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமையே வந்து அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தேன். கடைசி வரிசையில் ஒரு சின்ன உருவம். எல்லாரிடமும் கேள்வி கேட்டவர் அவளிடம் மட்டும் கேட்கவில்லை. எழுந்துபோய் அவள் சிலேட்டைப் பார்த்தேன். ஐந்து கணக்கும் சரி. மார்க் அட்டையை வாங்கிப் பார்த்தால், கணக்குக்கு முப்பத்தாறு. முந்தின பரீட்சையிலும் முப்பத்தாறு. விசாரித்ததில், இரண்டு தறி போட்டிருக்கும் வீட்டுப் பிள்ளை என்றார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் பயிற்சியில் எல்லார் முன்னிலையிலும் அதைப் போட்டு உடைத்தேன். அவர் எழுந்து நின்றார்.

"டீச்சர், இதைத் தனியாப் பேசுவோமா?"

"தனியாப் பேச என்ன இருக்கு சார்? இங்கனயே சொல்லுங்க."

அவர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அந்தப் பிள்ளைக்குச் சித்தப்பா முறை வரும் ஒரு ஆசிரியர் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போது தெரியாது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் பேசாமல் நின்றதைக் குற்றம் செய்தவரின் மௌனம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு முப்பத்தாறே ஜாஸ்தின்னு நெனைக்கீங்க போல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "ஒண்ணு மட்டும் கேக்கேன் டீச்சர். தறியைக் கிளாசுக்குள்ள கொண்டுவராதீங்க. கும்பிட்டுக் கேக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். திருந்தாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

கடைசிச் சனிக்கிழமை மாதிரி வகுப்பு. நானே நடத்தினேன். பெற்றோரையும் வரச் சொல்லியிருந்தோம். தறியை நிறுத்திவிட்டு வந்த ஆண்களும் பெண்களும் வாசலிலும் ஜன்னலிலும் நின்றார்கள். அந்தப் பிள்ளையைக் கடைசி வரிசையிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்னால் உட்காரவைத்தேன். பட்டை போட்ட துண்டு ஒன்றை விரித்துக் காட்டினேன். ஒரு பட்டைக்குச் சிவப்பு இழை இருபத்து நாலு, வெள்ளை இழை நாற்பது. துண்டின் அகலத்தில் இப்படிப் பதினெட்டுப் பட்டை. தறியில் நெடுக்காக ஓடும் பாவுக்கு மொத்தம் எத்தனை இழை வேண்டும்?

மற்ற பிள்ளைகள் பலப்பத்தை எடுத்தார்கள். நான் அவளைப் பார்த்து, "நீ சொல்லு" என்றேன்.

அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆயிரத்து நூத்தி அம்பத்தி ரெண்டு" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "ஆனா நீங்க ஓரத்துக்கு இழை விடலையே டீச்சர். பக்கத்துக்குப் பதினாறு விடணும். அதையும் சேத்தா ஆயிரத்து நூத்தி எம்பத்தி நாலு."

வாசலில் நின்றவர்கள் ஆச்சரியத்தில் சிரித்துவிட்டார்கள். கைதட்டுங்கள் என்றேன். ஓட்டுக்கூரை அதிரத் தட்டினார்கள். அவளுடைய அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து மகளைப் பார்த்தபடியே நின்றார். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் எழுந்து வெளியே போய்விட்டார். தோற்றுப்போனவருக்கு உட்கார முடியவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

ஜூன் மாதம் அடுத்த பயிற்சிக்கு வந்தபோது, அவள் ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாளா என்று அவரிடமே கேட்டேன். கொஞ்சம் பெருமையடிக்கத்தான் கேட்டேன்.

"சேரல டீச்சர். தறிக்கு இருத்திட்டாங்க" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். கொஞ்சமாவது கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்த வீட்டில் மூத்தவளை எட்டு வயதிலேயே தறி வேலைக்கு உட்காரவைத்துவிட்டார்கள். அடுத்து இவள். ஆனால் இவள் எண்ணச் சொன்னால் இழையைத் தப்பாக எண்ணினாள். ஒவ்வொரு தடவையும் தப்பாக எண்ணினாள். அடி வாங்கியும் தப்பாகவே எண்ணினாள். இது தறிக்கு உதவாது, பள்ளிக்கூடத்துக்காவது போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

"மூணாங்கிளாசுலயும் அவளுக்கு நான்தான் சார். அப்பவே வந்து எங்கிட்டக் கேட்டா டீச்சர். 'சார், கணக்குக்கு மார்க்கைக் கம்மியாப் போடுங்க, அட்டையை அப்பா பாப்பாங்க'ன்னு. பாஸுக்கு மேல ஒண்ணு போட்டுக் குடுத்துக்கிட்டிருந்தேன். கேள்வி கேட்டாச் சட்டுனு சரியாச் சொல்லிருவா, அது வெளிய போயிரும்னு கேக்கவும் மாட்டேன். பெரிய பள்ளிக்கூடத்து சார்ட்டயும் சொல்லிவச்சு, பத்தாவது வரைக்கும் இப்படியே கொண்டுபோயிரலாம்னு ரெண்டு பேரும் நெனைச்சோம்."

ஊருக்கெல்லாம் சமத்துவம் சொல்லிக்கொடுக்க வந்தவள் நான். அந்தப் பள்ளியில் அதைச் செய்துகொண்டிருந்த ஒரே மனிதரை நாற்பது பேர் முன்னால் கேலி செய்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். "எனக்கென்ன டீச்சர்" என்றார்.

மதியமே அந்த வீட்டுக்குப் போனேன். கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்ததால் தெருவே அமைதியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அவளுடைய அப்பா ஓடிவந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க டீச்சரம்மா. ஒண்ணுந் தெரியாத கழுதைன்னு இவளை விட்டுவச்சிருந்தேன். நீங்கதான் என் கண்ணைத் தெறந்தீங்க. பாவு எண்ணுத ஆளு நின்னுட்டான். இப்ப எல்லாம் இவதான்."

"அண்ணாச்சி, அவ புத்திசாலி. மேல படிக்கணும்" என்றேன்.

"அதத்தான் நானுஞ் சொல்லுதேன். வேலைக்கு ஆகாத பிள்ளையை அங்கன அனுப்பலாம். ஆகுத பிள்ளையை எதுக்கு அனுப்பணும்?"

அவர் குரூரமானவர் இல்லை. மகளைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. எவ்வளவோ மன்றாடினேன். டீ வாங்கிவரச் சொன்னார். நாற்பது பேருக்குப் பயிற்சி கொடுத்த என் வாய் அந்த ஒரு மனிதரிடம் செல்லவில்லை.

அவள் தறிக்குப் பின்னால் குத்தவைத்து, பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டிருந்தாள். நான் கிளம்பியபோது வாசல்வரை வந்தாள்.

"நான் தெரியாமச் செஞ்சிட்டேன் மக்கா" என்றேன்.

அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். "நீங்க என்ன செஞ்சீங்க டீச்சர்? அப்பா நிக்கதை நான் பாத்தேன். தப்பாத்தான் சொல்லணும்னு நெனைச்சேன். ஆனா அதுவரைக்கும் கிளாசுல என்னைய யாருமே கேட்டதில்லைல்லா. நீங்க என்னையப் பாத்துக் கேட்டதும், ஒரே ஒரு தடவ சரியாச் சொல்லிப் பாப்போம்னு ஆசையா இருந்துச்சு."