கவர் பிரிக்காத சேர்

கடையில் உட்கார்ந்து பார்த்தபோது அந்த சேரில் ஒரு குறையும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முதல்முறை சம்பந்தி வீட்டுக்குப் போனவள் மாதிரி நுனியில் உட்கார்ந்தால் எந்த சேரும் நல்ல சேர்தான். கடை கல்மண்டபம் பக்கத்தில். கடைக்காரருக்குத் தூத்துக்குடிப் பக்கம். "ஒரு வாரத்துக்குள்ள கொண்டாந்தா மாத்தித் தாரேம்மா. ஆனா கவர மட்டும் பிரிச்சிரக் கூடாது, பாத்துக்கிடுங்க" என்றார். இருந்ததில் மலிவானதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். துறைமுகத்தில் சரக்கை விடுவித்துத் தரும் ஓர் அலுவலகத்துக்கு, வீட்டிலிருந்தே கணினியில் பத்திரங்களைத் தயார் செய்து அனுப்பும் வேலை எனக்குப் புதிதாகக் கிடைத்திருந்தது. காலையில் உட்கார்ந்தால் மாலைவரை உட்கார்ந்தே ஆகவேண்டும். சில மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். ஒரு நாள் இடது கால் மரத்துப் போகிறது என்றார். களைப்பாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன், அவரும் விட்டுவிட்டார். முதுகில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. வேலையும் போயிற்று. அன்றிலிருந்து கைத்தடிதான்.

அதனால் புது சேரில் உட்கார்ந்த மறுநாளே என் இடது கால் மரத்துப் போனபோது வேலையை அப்படியே விட்டுவிட்டுக் காலைத் தேய்த்தேன். எழுந்து நின்றால் அந்தக் காலே இல்லாதது போல இருந்தது. அப்பாவின் கால் எனக்கும் வந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன்.

சேரைச் சரியாக வைத்துக்கொள்வது எப்படி என்று போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். முழங்கை மேஜை மட்டத்தில் இருக்கவேண்டும் என்றார் ஒருவர். எங்கள் சாப்பாட்டு மேஜை உயரம். பிடியை இழுத்து சேரை ஏற்றினேன். பாதம் தரையில் பதியவேண்டும் என்றார் இன்னொருவர். ஏற்றிய சேரில் என் கால் அந்தரத்தில் தொங்கியது. முதுகுக்கு முட்டுக்கொடுக்கும் திருகை ஒரு நாள் இறுக்கினேன், மறுநாள் தளர்த்தினேன். சாய்வைக் கூட்டினால் தூக்கம் வந்தது, குறைத்தால் யாரோ பிடித்துத் தள்ளுவது போல இருந்தது. என்ன செய்தாலும் கால் மட்டும் தவறாமல் மரத்தது. மாற்றிக் கொள்ளலாம் என்ற வாரமும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாவிடம் மறைக்கத்தான் பார்த்தேன். ஆனால் நான் காலைத் தரையில் தட்டுகிற சத்தம் கட்டிலில் இருந்தவருக்குக் கேட்டுவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்தார்.

"கால் கீதா?"

"கீது நைனா."

கால் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "கீதா?" என்பார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் என் பெயரே கீதா என்று நினைத்திருப்பார்கள். சிரிப்பு வரவேண்டிய விஷயம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கேட்கக் கேட்க பயம் கூடியது.

கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. வீடியோவில் காட்டுகிற முதுகையும் என் முதுகையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். "நான் வேலையில மூழ்கி கீறப்போ சைடுல நின்னு ஒரு போட்டோ எடு நைனா. சொல்லாம எடு. சொன்னா நிமிந்துடுவேன்" என்று போனைக் கொடுத்தேன். தடியை ஒரு கையில் ஊன்றி, மறுகையில் போனைப் பிடித்து, எப்போது எடுத்தாரோ தெரியாது. சாயங்காலம் போனை நீட்டினார்.

படத்தில் முதுகு இல்லை, தலையும் இல்லை. முழுக்க என் கால்கள்தான்.

"முதுக எடுக்கச் சொன்னா இன்னாத்த எட்த்து வெச்சிகீற?" என்று கத்திவிட்டேன்.

"நான் காலத்தாம்மா பாத்துகினு இருந்தேன்" என்றார். "முதுவு என் கண்ல படல."

கோபத்தோடு படத்தைப் பெரிதாக்கினேன். தரையில் இரண்டு செருப்பு. வலது கால் தொங்கிக்கொண்டிருந்தது. இடது காலைக் காணோம். மடித்து, என் தொடைக்கு அடியிலேயே போட்டு, அதன் மேல் உட்கார்ந்திருந்தேன்! பிரிக்காத பிளாஸ்டிக் கவரில் வியர்வை வழுக்கும். நான் முன்னால் சரிந்துகொண்டே இருப்பேன். சரியாமலிருக்க, பந்தியில் சம்மணம் போட்டுப் பழகிய கால் தானாகவே மடங்கியிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

நிம்மதி உடனே வரவில்லை. கவரைப் பிரித்தால் திருப்பித் தர முடியாது. பிரித்த பிறகும் மரத்தால் அது சேரின் குற்றம் அல்ல, என் நரம்புதான். அந்த பதிலுக்குப் பயந்துதான் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பிறகு கிழித்தேன்.

உள்ளே சொரசொரப்பான கருந்துணி. வழுக்கவில்லை. மறுநாள் காலை சமையலறை மணையைக் காலடியில் போட்டு, இரண்டு பாதங்களையும் அதில் பதித்து வேலையைத் தொடங்கினேன். அப்பா கட்டிலுக்குப் போகவில்லை. எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். பத்திரங்கள் ஒவ்வொன்றாகப் போயின. அன்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கடைசிப் பத்திரத்தை அனுப்பிவிட்டு இடது கால் விரல்களை மெல்ல அசைத்தேன். ஐந்தும் அசைந்தன.

நான் வாயைத் திறக்குமுன் அவர் என் பாதத்தைப் பார்த்துவிட்டார்.

"கீது" என்றார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.