அவர் போனை வைத்த பிறகு என் முகம்

போன வருஷம் ஆடி மாதம், புதுக்கோட்டையில் ஒரு சின்ன அரங்கில் நடந்தது இது.

நான் அன்னவாசல்காரி. கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். எங்கள் குடித்தனம் நடப்பதே வீடியோ காலில்தான். நான் வேலை செய்யும் துணிக்கடையில் உடன் இருப்பவளின் தங்கை நுண்கலை படிக்கிறாள். வெளிநாட்டில் இருப்பவர்களின் மனைவிமார் போனில் பேசும்போது அவர்கள் முகத்தை மட்டும் படம்பிடித்து, சத்தமே இல்லாமல் சுவரில் பெரிதாக ஓடவிடப் போவதாகச் சொன்னாள். சரி என்றேன்.

அவள் கேமராவை வைத்த அன்றுதான் கணவர், இந்தத் தீபாவளிக்கும் லீவு கிடையாது என்றார். சிரித்துக்கொண்டே, “பரவால்லைங்க, ஒடம்பப் பாத்துக்கங்க” என்றேன். வைத்துவிட்டார். கேமரா ஓடுவதே எனக்கு மறந்துபோனது.

அந்தப் பெண் அதை லேப்டாப்பில் காட்டி, போடலாமா என்று கேட்டுத்தான் போட்டாள். சின்னதாகப் பார்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை. அரங்கில், சுவர் அளவுக்குப் பார்த்தபோது திக்கென்றது. சிரித்த முகம், போன் அணைந்ததும் அப்படியே இறங்கிவிட்டது. அழுகை இல்லை. எதையோ பறிகொடுத்தவள் மாதிரி வெறும் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

வந்தவர்களில் யாரோ அதைப் படமெடுத்து என் கொழுந்தனாருக்கு அனுப்பிவிட்டார்கள். டவுனில்தான் அவருக்குக் கடை. கொஞ்ச நேரத்தில் கையில் போனோடு வந்து நின்றார்.

“என்ன அண்ணி இது? அண்ணன் ஒங்களத் தவிக்கவிட்டுட்டுப் போன மாதிரில்ல இருக்கு! சொந்தக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க? மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க.”

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு, “நிறுத்திரவாக்கா?” என்றாள்.

“கைய எடு. ஓடட்டும்” என்றேன்.

“இந்தா, அண்ணனே லைன்ல இருக்காரு. அவருக்குப் பதில் சொல்லுங்க” என்று போனை நீட்டினார் கொழுந்தனார்.

திரையில் கணவர் கொதித்துக்கொண்டிருந்தார். “நாலு பேரு முன்னாடி என் மானத்த வாங்கணும்னே கெளம்பிட்டியா?”

வேறு நாளாக இருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அன்றைக்கு மனசு வரவில்லை. போனைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

“கட் பண்ணாமப் பாருங்க. நீங்க வச்சதுக்கப்புறம் நான் இப்புடித்தான் இருக்கேன். இது என் மூஞ்சி. இதுல ஒங்க மானம் எங்கிட்டுப் போச்சு?”

அரங்கில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் இருந்தது. என் முகம் முழுதும் ஓடி முடிகிற வரை அவர் கட் பண்ணவில்லை. பிறகு மெதுவாக, “லீவு இல்லைன்னு சொன்னேனே, அன்னைக்கு எடுத்ததா?” என்றார்.

“அன்னைக்குத்தான். ஆனா எல்லா நாளும் இதேதாங்க.”

அவர் வைத்துவிட்டார். கொழுந்தனார் போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினார்.

கண்காட்சி முடிகிற வரை அந்தப் படம் ஓடியது. கடை விட்டதும் தினமும் போய், வேண்டுமென்றே முன்வரிசையில் உட்கார்ந்தேன். கணவர் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். அந்தப் பேச்சையே எடுக்காமல் மழை, மாடு என்று என்னென்னவோ பேசினார். முடிக்கும்போது மட்டும், “நீ மொதல்ல வையி. நான் அப்புறம் வைக்கிறேன்” என்றார்.

தீபாவளிக்கு அவர் வரவில்லைதான். கொழுந்தனார் இன்றுவரை எனக்கு முகம் கொடுப்பதில்லை, இருக்கட்டும். சிரிப்பு வராத நாளில் சிரிக்காமலே பேசுவதற்கு அன்று நானாக எடுத்துக்கொண்ட உரிமையை, இனி யாருக்காகவும் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை.