சந்தை மண்ணில் படுத்திருந்தேன்

எண்பதுகளின் தொடக்கம். சென்னையில் ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மனித உடம்பு பொது இடத்தில் அசையாமல் கிடந்தால் சுற்றியிருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று பார்ப்பதே ஒரு கலை என்று நானும் என் வகுப்புத் தோழனும் நம்பினோம். கடற்கரையில் செய்து பார்த்தோம். யாரும் நிற்கவில்லை. அதனால் ஆலங்காயத்தில் பஸ் மாறி ஜவ்வாது மலைச் சந்தைக்குப் போனோம்.

புளியும் சாமையும் குவித்திருந்த இடத்துக்கு நடுவே மண்ணில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு மணி நேரம் அசையக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். தோழன் தள்ளி நின்று படம் எடுத்தான்.

"இன்னாங்க இது, மயக்கமா?" என்று ஓர் ஆண் குரல் கேட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு ஒரு பெண் ஓடி வந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் தண்ணீர் விழுந்தது.

"எந்திரிம்மா. கண்ணத் தொற."

அப்போதே எழுந்திருக்க வேண்டும். நான் எழவில்லை. நன்றாக நடக்கிறது என்றுகூட நினைத்தேன். அவள் கன்னத்தைத் தட்டினாள், உள்ளங்காலைத் தேய்த்தாள். கடைசியில் என்னை மார்போடு அணைத்து, "நீயும் போய்ட்டியா" என்று வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

கண்ணைத் திறந்தேன்.

"உசுரு இருக்குது, உசுரு இருக்குது" என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னாள். தோழன் அருகில் வந்து, "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் படுத்திருந்தாங்க" என்றான்.

"சும்மாவா?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். அவள் என் முதுகு மண்ணைத் தட்டிவிட்டு, தன் புளிக்கூடைக்குத் திரும்பிப் போனாள். பக்கத்தில் சாமை விற்றவள் என்னிடம் சொன்னாள்: "போன மழைக்கு அதோட பொண்ணுக்குப் பிரசவ வலி. தூளி கட்டித் தூக்கினு போனாங்க. மலை எறங்கறதுக்குள்ள போய்டுச்சு. உன் வயசுதான்."

அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் நிமிராமலே, "இங்க வந்து இப்டி கெடந்தது உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன்.

"சொல்லாத. தாங்கமாட்டா."

அடுத்த மாதம் கல்லூரிக் கண்காட்சியில் படங்களை மாட்டினார்கள். அவள் என்னை அணைத்து அழும் படத்தின் முன்தான் கூட்டம் நின்றது. அதை எடுத்துவிடும்படி தோழனிடம் கேட்டேன். "நாம செஞ்சதிலேயே இதுதான் நல்லது" என்றான். நானே கழற்றினேன். மறுநாள் வேறொரு பிரதி அங்கே தொங்கியது. அவனோடு பேசுவதை நிறுத்தினேன். அப்படி எங்கும் படுப்பதையும் நிறுத்தினேன்.

இப்படி ஒரு படம் இருக்கிறது என்று அவளிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. நானும் போகவில்லை.