லாசர் வேறு பெயரில் கப்பல் ஏறினான்

ஒரு பெண்ணின் கணவன் இறந்துவிட்டான் என்பதை மூன்று வருடங்களாக அவளிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறேன். அவள் நேரில் கேட்டபோதும் மறைத்தேன்.

நான்காம் வகுப்பு வரை படித்தவன் நான். பேசக் கூசுகிறவன். யுத்த காலத்தில் ஆரியசாலைக் கடைத்தெருவில், கப்பலுக்கு ஆள் சேர்த்து அனுப்பும் தரகர் ஒருவரிடம் பெயர் எழுதும் வேலை பார்த்தேன்.

கொச்சியில் ஒரு சரக்குக் கப்பல் நின்றது. குண்டுக்குப் பயந்து வெள்ளைக்கார மாலுமிகள் சிலர் இறங்கிவிட்டார்கள். அவர்களால் இறங்க முடிந்தது. அந்த இடத்துக்கு நம் ஆட்கள் பத்துப் பேர் உடனே வேண்டும். அதுவும் முன்பு கப்பலில் போனதற்கான புத்தகம் வைத்திருப்பவர்கள். ஒன்பது பேர் கிடைத்தார்கள். பத்தாமவன் வலியதுறைக் கடற்கரை மிக்கேல், காய்ச்சலில் படுத்துவிட்டான்.

இரவல் புத்தகத்தில் ஆள் அனுப்புவது எங்கள் தொழிலில் நடப்பதுதான். மிக்கேலின் குடிசைக்கே போய் அவன் புத்தகத்தை வாங்கி, பக்கத்து வீட்டு லாசரின் கையில் வைத்தேன். லாசர் அதுவரை கட்டுமரம் தவிர எதிலும் ஏறாதவன்.

"ஆள் மாறிப் போனா குத்தமில்லியா அண்ணாச்சி?"

"மிக்கேலுன்னு கூப்பிட்டா ஏன்னு குரல் குடு. அவ்வளவுதான்" என்றேன்.

போர்வைக்குள்ளிருந்து மிக்கேல் சிரித்தான். "லேய், குடிச்சுக் கிடந்து எம் பேரை நாறடிச்சிராதே."

நான்கு மாதத்தில் கப்பல் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கப்பல் மூழ்கிவிட்டது, மிக்கேல் இறந்துவிட்டான், வீட்டாருக்குத் தெரிவிக்கவும்...

தரகருக்கு முகம் வெளுத்தது. "நேத்துகூட அவனைச் சாயாக்கடையில பாத்தேனே வே. வெளியே தெரிஞ்சா நம்ம ரெண்டு பேருக்கும் ஜெயிலாக்கும்."

'வாரிசு யாருமில்லை' என்று பதில் எழுதச் சொன்னார். எழுதினேன். கை நடுங்கவில்லை என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். மிக்கேல் பயந்து தூத்துக்குடிக்கு ஓடிவிட்டான்.

லாசரின் மனைவி திரேசா வெள்ளிக்கிழமைதோறும் மீன்கூடையோடு படியேறி வருவாள்.

"காயிதம் உண்டா அண்ணாச்சி?"

"வரும்" என்பேன், தலை நிமிராமல். கூச்ச சுபாவம் என்று ஊர் நினைத்தது. கூச்சம்தானா அது? எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது...

யுத்தம் முடிந்தது. சென்ற மாதம் அவள் கூடையில்லாமல் வந்தாள். ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறானாம்.

"புருசன் செத்ததுக்கு என்ன சாட்சின்னு பங்குச்சாமி கேக்காரு. நீங்க ஒரு வாக்குச் சொல்லுங்க. இருக்காரா, இல்லியா?"

இல்லை. ஒரே சொல். நாக்கு நுனிவரை வந்தது. 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று அடுத்துக் கேட்பாளே...

"இருப்பான்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. ஐயோ, அந்த மலர்ச்சி! அன்றைக்கே அந்த மனிதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

அதன்பின் மூன்று முறை வலியதுறைக்கு நடந்திருக்கிறேன். அவள் வாசல் தெரிந்ததும் கால் திரும்பிவிடுகிறது.

உங்களிடம் சொல்ல முடிகிறது. திரேசாவுக்கு வாசிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் இதை எழுதியிருப்பேனா?