அவள் வைத்த பத்து நிமிடம்

எங்கள் வீட்டுக் கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் முன்னால் ஓடும். ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான். பாப்பாரப்பட்டியிலிருந்து தருமபுரிக்குப் பஸ் பிடித்து வேலைக்குப் போகிற வீட்டில் கடிகாரம் உண்மை பேசினால் பிழைப்பு ஓடாது என்பது என் மனைவியின் கட்சி. அவள் தருமபுரியில் ஒரு பள்ளியில் டீச்சர். நான் அதே ஊரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். இருவருக்கும் ஒரே பஸ்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அது முன்னால் ஓடுவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எட்டு என்று காட்டினால் நானும் மகளும் மனசுக்குள் பத்தைக் கழித்துவிட்டு இன்னொரு வாய் காபி குடிப்போம். கடிகாரத்தைப் பார்த்துப் பதறியது அவள் ஒருத்திதான். தானே வைத்த பொய்யைத் தானே நம்பி ஓடிய மனுஷி. நாங்கள் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது கடிகாரத்தால் இல்லை, அவள் வாயால். "ஏங்க, நேரமாச்சுங்க, கெளம்புங்க" என்று வாசலில் நின்று அவள் போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களும் கிளம்பிவிடுவார்கள்.

கம்ப்யூட்டர் வாங்கியபோது அதற்கும் இதே கதிதான். பிள்ளைகளின் மதிப்பெண்களை வீட்டிலிருந்தே ஏற்ற வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். தருமபுரியில் ஒரு கடையில் பாகம் பாகமாகப் பூட்டித் தந்ததை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். ஹாலில், சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழே மேசை போட்டு வைத்தோம். முதல் நாளே அதன் மூலையில் மணி தப்பாக இருந்தது. நேரத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் பொத்தான் ஒன்று உண்டு என்று யாரோ சொல்ல, அவள் அதை அழுத்திப் பார்த்தாள். பட்டப்பகலில் முந்தின நாள் ராத்திரி என்று காட்டியது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் ராத்திரி.

"இந்த ஆட்டோமேட்டிக் எல்லாம் நம்மூருக்கு ஒத்து வராதுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பொத்தானை அணைத்தே வைத்து, தன் கையால் மணியைத் திருத்தினாள். சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து அதே மணியை அப்படியே இதிலும் வைப்பாள். ஆகவே அதுவும் பத்து நிமிடம் முன்னால் ஓடியது. கடன் வாங்கிக் கல்யாணம் செய்தாலும் முகூர்த்தம் தப்பக் கூடாது என்கிற ஜாதி அவள்.

போன வருஷம் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். பெங்களூரில் ஆபரேஷன் என்று முடிவானது. கிளம்புகிற காலையில் வாடகைக் கார் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பையெல்லாம் ஏற்றிவிட்டு உள்ளே வந்தால், அவள் கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

"இப்பத்தான் தூசி தட்டணுமா? வண்டி நிக்குது" என்றேன்.

"வந்துட்டேங்க. ஒரு நிமிஷம்."

வாழ்நாளில் அவள் யாரையும் காக்கவைத்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். கடிகாரத்தை என்னிடம் கொடுத்தாள். நான் ஆணியில் மாட்டினேன். கிளம்பினோம். பிறகு ஆபரேஷன் ஆகி, இரண்டு நாள் கண் விழித்து, மூன்றாம் நாள் விழிக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பங்குச் சாமியார் மந்திரித்த தண்ணீரைத் தெளித்தபோது என் சட்டையில் பட்டது. சட்டை நனைகிறதே என்றுதான் நினைத்தேன். மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன், பஸ்ஸில் தூங்கி விழுகிற பக்கத்து சீட்காரரைத் தட்டி எழுப்புகிற மாதிரி. அழுகை வராததைப் பற்றி வருத்தமும் வரவில்லை.

அதன்பிறகு நான் எங்கும் பிந்திப் போக ஆரம்பித்தேன். தெருமுனை திரும்பும்போது பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரியும். அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினால் அலுவலகத்தில் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் ஒரு சொல் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனால் பூசையில் முதல் வாசகம் முடிந்திருக்கும். கடைசி பெஞ்சில் இடம்விட்டு நகர்ந்துகொள்வார்கள். பெண்டாட்டி போன மனுஷன், பாவம், மனசு எங்கேயோ இருக்கிறது என்று அவர்கள் பார்க்கிற பார்வையிலேயே தெரியும். நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டேன். கிளம்பச் சொல்லிச் சத்தம் போட ஆள் இல்லை, கால் நகரவில்லை, அவ்வளவுதான். என் பட்டன் போனில் நேரம் எப்போதும் தாறுமாறாக இருக்கும், அதை நான் பார்ப்பதே கிடையாது. சுவரைப் பார்ப்பேன். பத்தைக் கழிப்பேன். முப்பது வருஷப் பழக்கம்.

அவள் புடவைகளை அவள் தங்கை கொண்டுபோனாள். கண்ணாடியையும் செருப்பையும் மகள் எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள். வீட்டில் அவள் செய்துவிட்டுப் போனதில் இன்னும் நடந்துகொண்டிருந்தது அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான். அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். வேறு எதைப் பற்றியும் எனக்கு முடிவு என்று ஒன்று அப்போது இல்லை.

இந்த வருஷம் மகள் வந்தாள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறாள். நான் ஒருவேளை சமைத்து மூன்றுவேளை தின்பது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டு வாங்கி வந்திருந்தாள். நம் வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாக ஆபீஸுக்குள் நுழைய முடிந்தால் இங்கேயே இருக்கலாம். திங்கட்கிழமைக்குள் நுழைய முடியாவிட்டால் திரும்பிப் போக வேண்டும். அவள் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மாதக்கணக்கில் எனக்கு வந்த ஒரே ஆசை அது.

கம்ப்யூட்டரைத் துடைத்துப் போட்டாள். நெட் வந்தது, படம் வந்தது, ஆபீஸ் மட்டும் உள்ளே விடவில்லை. கடவுச்சொல் போடுவாள், சுற்றும், வெளியே தள்ளும். வெள்ளிக்கிழமை முழுக்க இதே கூத்து. சனிக்கிழமை காலை அவர்கள் ஆபீஸ் ஆள் ஒருவரிடம் போனில் பேசினாள். அவர் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"உங்க சிஸ்டம் டைம் சரியா இருக்கான்னு பாருங்க மேடம். தப்பா இருந்தா சர்வர் உள்ள விடாது. ஆட்டோமேட்டிக்ல போட்டுடுங்க, அது தானா சரி பண்ணிக்கும்."

போனை வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். கடிகாரம் ஏன் தப்பு என்பது இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியும்.

"அப்பா, மாத்தட்டுங்களா?"

நான் கொல்லைப்புறம் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். காலையில் ஏற்கெனவே ஊற்றிய செடிகள். அவளும் பின்னால் வரவில்லை, பொத்தானையும் அழுத்தவில்லை. அதுதான் அவள். அம்மாவாக இருந்தால் கேட்டிருக்கவே மாட்டாள், மாற்றிவிட்டுச் சொல்லியிருப்பாள். மத்தியானம் சாப்பிடும்போது, "வேணாம்னா விடுங்கப்பா. நான் போயிட்டு லீவு கெடைக்கறப்ப வர்றேன்" என்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ரசத்தில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை.

கை கழுவிவிட்டு வந்து, "மாத்திடும்மா" என்றேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். பத்து நிமிடம் பின்னால் குதிக்கிறதைப் பார்க்க வேண்டும் என்று நின்றேன். அவள் அம்மா போனதைத்தான் கண்ணால் பார்க்கவில்லை, இதையாவது பார்க்கலாம் என்று.

பொத்தானை அழுத்தினாள். மணி தாவி நடு ராத்திரிக்குப் போய்விட்டது.

"இதுதான், இதேதான். உங்கம்மா அன்னிக்கே சொன்னா, ஒத்து வராதுன்னு" என்றேன்.

மகள் எதையோ திறந்து படித்தாள். சிரித்துவிட்டாள். "அப்பா, இது அமெரிக்கா நேரத்துல கெடக்குதுங்க. கடைக்காரரு ஊரை மாத்தாமயே குடுத்துட்டாரு. அம்மா அது மேலயே கையால நம்ம மணிய வச்சிருக்காங்க. பாக்கறதுக்குச் சரியா தெரியும், உள்ளுக்குள்ள அரை நாள் தப்பு. இத்தன வருசமா நம்ம வூட்டு கம்ப்யூட்டர் அமெரிக்காவுலதான் இருந்திருக்கு."

பட்டியலில் நம் நாட்டைத் தேடி அழுத்தினாள். ராத்திரி மறைந்து பகல் வந்தது. இரண்டு மணி நாற்பது.

நான் சுவரைப் பார்த்தேன். இரண்டு நாற்பது.

"இன்னும் சரியாவலை. மறுபடி அமுத்து" என்றேன்.

மறுபடி அழுத்தினாள். சரிசெய்தாயிற்று என்று எழுத்து வந்தது. மணி அசையவில்லை. தன் செல்போனை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதிலும் இரண்டு நாற்பதுதான். அவளும் அண்ணாந்து சுவரைப் பார்த்தாள்.

"அப்பா, செவுத்துக் கடிகாரத்த நீங்க சரி பண்ணீங்களா?"

"நான் தொடவே இல்ல."

"அப்ப யாரு? கம்ப்யூட்டர்லயும் மாத்தறதுக்கு முன்னாடி இதே மணிதான் இருந்துச்சு, பத்து நிமிசம் கூட இல்லியே. அம்மா வச்ச மணி சரியாத்தான இருந்திருக்கு."

வாசலில் ஹாரன் அடித்த அந்தக் காலை எனக்கு ஞாபகம் வந்தது. மடியில் கடிகாரம். ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர். கையில் துணி இல்லை. தூசி தட்டுகிறாள் என்று நான்தான் நினைத்தேன். அவள் கையில் துணியே இல்லை.

மகளிடம் சொன்னேன். அவள் மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். "நம்மள வெரட்ட ஆளு இருக்க மாட்டாங்கன்னு சரி பண்ணி வச்சிருக்காங்கப்பா" என்றாள். நான் அவள் தலையில் கை வைத்தபடி நின்றேன். சரியான மணியை வைத்துவிட்டுப் போனவளிடமிருந்து இத்தனை மாதமும் நான் தினம் பத்து நிமிடம் கழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மனசு எங்கேயும் போகவில்லை. கணக்குத்தான் தப்பு. அப்போதும் கண் காய்ந்தே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடவுச்சொல் போட்டாள். ஆபீஸ் உள்ளே விட்டது.

திங்கட்கிழமை காலை அவள் எட்டு மணிக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தேன். கழிக்கவில்லை. காட்டிய மணியை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நிறுத்தத்துக்குப் போனபோது பஸ் வந்திருக்கவில்லை. நின்றேன். வந்தது. ஏறினேன்.

"என்னா சார், ரொம்ப நாளாச்சு இந்த வண்டியில பாத்து" என்றார் கண்டக்டர். பழைய ஆள், எங்கள் இருவருக்கும் தினம் டிக்கெட் கிழித்தவர். கேட்காமலேயே தருமபுரிக்கு இரண்டு டிக்கெட் கிழித்துவிட்டார். கிழித்த பிறகு என்னைப் பார்த்தார், ஒன்றைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

பஸ் கிளம்பியதும் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து, ஜன்னலோரம் எனக்கு இடம் விட்டார்.