ராணிக்குத் தடவிய ஆயில்

கறுத்துப்போன மெஷின் ஆயிலின் வாசனை... லேசாகத் தீய்ந்த மாதிரி மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுக் கை கழுவினாலும், சாதம் பிசையும்போது திரும்ப வரும்.

கல்யாணத்துக்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் கம்பெனியில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். இன்ஸ்பெக்‌ஷன் டேபிள், கடைந்து வரும் பீஸ்களை அளந்து பார்க்கிற வேலை. அண்ணனூரில் ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, ஓட்டமும் நடையுமாக எட்டு மணிக்குள் கேட்டைத் தாண்ட வேண்டும்.

கேட்டில் எனக்காகக் காத்திருப்பவள் ராணி. செம்பட்டை நிறத் தெருநாய். மத்தியானம் என் டிபன் பாக்ஸில் கடைசி இரண்டு வாய் அவளுக்கு. என் கையிலிருந்துதான் சாப்பிடுவாள். தரையில் போட்டால் என்னை ஒரு பார்வை பார்ப்பாள்... அவ்வளவு திமிர்!

ஒரு வருஷம் அவளுக்குச் சொறி வந்தது. முதலில் காது ஓரம், அப்புறம் முழங்கை, வயிறு. முடி கொட்டி, தோல் தடித்து, சொறிந்து சொறிந்து ரத்தம். கிட்டே போனாலே நாற்றம். கேன்டீன்காரர் விரட்ட ஆரம்பித்தார்.

ஒரு நாள் முதலாளி கேட்டில் காரை நிறுத்தினார். "இன்னும் ஒரு மாசத்துல ஆயுத பூஜை. வீட்டுல குழந்தைங்களோட வருவாங்க. அதுக்குள்ள இது சரியாகணும். இல்லேன்னா வண்டிக்குச் சொல்லிடுவேன்."

நாய் பிடிக்கிற வண்டியைச் சொன்னார். அதில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒரு பீஸும் ஒழுங்காக அளக்க முடியவில்லை என்னால்.

லேத் ஆபரேட்டர் ஏழுமலை அண்ணன்தான் வழி சொன்னார்.

"இன்னாமா, இதுக்குப் போயி அழுதுகினு கீற? வேஸ்ட் ஆயில எட்து நல்லா தேய்ச்சி வுடு. எங்க ஊட்டு நாயிக்கு அப்டித்தான் போட்டேன். பூச்சி மூச்சு முட்டி செத்துரும்."

எஸ்டேட் முழுக்க அப்போது அதுதான் வைத்தியம். பாதி கம்பெனி வாசலில் கறுப்பாகப் பளபளக்கிற ஒரு நாய் நிற்கும். நாய்க்கு டாக்டர் எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. ஆயில் மட்டும் மெஷினுக்கு அடியில் டிரே டிரேயாக இருந்தது.

ராணி வேறு யாரையும் கிட்டே விடவில்லை. நான் கூப்பிட்டதும் வந்தாள். ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட்டை ஆயிலில் முக்கி, தலை முதல் வால் வரை தடவினேன். புண்ணில் பட்டபோது உடம்பு துள்ளியது. கத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்ளோதான்மா... அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டே வயிற்றிலும் தடவி முடித்தேன்.

நாய் உடம்பை நக்கும். நாயைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. எங்கள் ஒருவருக்கும் அன்றைக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் கேட்டில் அவள் இல்லை. கம்ப்ரஸர் ஷெட் பின்னால் கிடந்தாள். சுற்றிலும் வாந்தி. எழுந்திருக்கப் பார்த்து, பின்னங்கால் மடங்கி விழுந்தாள். கூப்பிட்டேன்... வால் ஆடவில்லை.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு லோடு ஆட்டோ ஓட்டும் காதர் பாயிடம் ஓடினேன். பூந்தமல்லிக்காரர். கால்நடை ஆஸ்பத்திரி எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முகம் சுளிக்காமல் பழைய சாக்கை விரித்தார்.

"இன்னாத்துக்குமா ஆயில போட்டீங்க? வாயில்லா ஜீவன்... அது இன்னா வண்டியா?"

ராணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ஆயில் தடவுன நாய் வந்துகிட்டேதான் இருக்கு" என்று அலுத்துக்கொண்டார், அவ்வளவுதான். பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து இரண்டு பேருமாக மூன்று தடவை கழுவினோம். டிரிப்ஸ் ஏற்றினார்.

"சொறிக்கு ஊசி இருக்கும்மா. வாரம் ஒண்ணு போட்டுட்டு வந்தா சரியாயிடும். ஆயிலை நக்குனா வயிறு, ஈரல், கிட்னி எல்லாம் கெட்டுப்போகும்."

சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பாகப் பொரிந்திருந்தது. "உனக்கும் சொறி ஒட்டியிருக்கு. போய்க் காட்டு. உனக்கு ஆயிலா தடவுவாங்க?"

ராணி பிழைத்தாள். வாராவாரம் காதர் பாய் ஆட்டோ, ஊசி. ஆயுத பூஜைக்குள் முதுகில் மெல்லிசாகப் புது முடி வந்துவிட்டது. முதலாளி பார்த்துவிட்டு உள்ளே போனார். வண்டி வரவில்லை.

பூஜை அன்று, மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்த கையோடு ஏழுமலை அண்ணன் ராணி நெற்றியிலும் ஒன்று வைத்தார். காட்டிக்கொண்டு நின்றாள். நான் பொரியை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். எழுந்து கம்ப்ரஸர் ஷெட் பின்னால் போய்விட்டாள்.

யோசனை சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியாது. தடவின கை தெரியும்.

நான் வேலையை விடும் வரைக்கும், சோற்றைத் தரையில் வைத்துவிட்டு நாலு எட்டு தள்ளி நின்றால்தான் வந்து சாப்பிடுவாள். அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

இப்போது வீட்டில் ப்ரூனோ. பெங்களூருக்கு வேலைக்குப் போன மகன் என் தலையில் கட்டிவிட்டுப் போன லேப்ரடார். காதில் சீழ் ஒரு மாதம், உண்ணிக் காய்ச்சல் ஒரு மாதம்... இப்போது தோல். வேலப்பன்சாவடி கிளினிக்கில் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். மாத்திரை, சொட்டு மருந்து, உண்ணிக்குக் கழுத்துப் பட்டை... எல்லாம் கிடைக்கிறது. எனக்குத்தான் தெம்பு இல்லை.

போன வாரம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் சொறி பிடித்த தெருநாய் படம் ஒன்றைப் போட்டு, என்ன செய்யலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். முதல் பதில்: "மெக்கானிக் ஷாப்ல பழைய ஆயில் வாங்கித் தடவுங்க சார். ஒரே வாரத்துல க்ளியர்."

அதற்கு நாலு பேர் கட்டைவிரல் வேறு! சண்டை போட என்னால் முடியவில்லை. "வேணாம். நக்கும். டாக்டர்கிட்ட கூட்டிப் போலாம், நான் வரேன்" என்று மட்டும் போட்டேன்.

ப்ரூனோவுக்கு மருந்து ஷாம்பூ போட்டால் பத்து நிமிஷம் நுரையோடு வைத்திருக்க வேண்டும். நக்கவிடக் கூடாது. முட்டி வலியோடு பாத்ரூம் தரையில் உட்கார்ந்து, அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஐந்து நிமிஷம் ஆனதும், தலையைக் கொண்டுவந்து என் மணிக்கட்டில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வான்.

இந்தக் கையைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.